உங்கள் தம்பிக்குக் கோபம் வருவதில்லை

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் ஏதோ இருக்கிறேன். உங்கள் தம்பி மட்டும் மிகவும் நலமாக இருக்கிறார். அளவுக்கு மீறி நலமாக இருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அவரைப் பற்றி நான் சொல்லும் குறைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா சொன்ன, இன்னும் கொஞ்சம் சுருக்கமா சொல்லலாம்" என்கிறார். மனுஷிக்குப் பேச்சு வருமா?

கணினியில் அவர் விளையாடும் ஆட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எல்லோரும் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஆட்கள். எதிராளியின் கோட்டையை முதலில் இடிக்கிறவர்களுக்கு வெற்றி. ஜெயித்தால் ஒரு படி ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். உங்கள் தம்பி வருஷக்கணக்கில் வெண்கலப் படியிலேயே கிடந்தார். ஆனால் தோற்றதற்குக் காரணம் ஒரு நாளும் அவராக இருந்ததில்லை. கூட ஆடிய நால்வரும் முட்டாள்கள், இணையம் ஊர்கிறது, நாற்காலி ஆடுகிறது, நான் மிக்ஸி போட்டுவிட்டேன். "எவன்டா உன்னை விளையாட விட்டது?" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். பகலில் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் எரிந்து விழுவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து திரையிடம் எரிந்து விழுவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். இரண்டு பேருக்கும் தொண்டை வறண்ட பிறகு யார் டீ போடுவது என்று அடுத்த சண்டை தொடங்கும். எங்கள் குடும்பம் இப்படித்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நீங்கள் நல்லெண்ணத்தோடு அந்த வீடியோவை அனுப்பினீர்கள். ஆட்டத்தில் முன்னேற ஆரோக்கியமான மனநிலை வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் தாலாட்டுகிற குரலில் பேசுவார். ஏறுகிற படியைப் பார்க்காதீர்கள், கற்கிற பாடத்தைப் பாருங்கள். அடுத்தவர் தவறு உங்கள் கையில் இல்லை, உங்கள் தவறைத் தேடுங்கள். தோற்றால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஆடி முடித்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். திட்டுகிறவர் குரலை அணைத்துவிடுங்கள். எல்லாம் நியாயமான பேச்சு. உங்கள் தம்பியின் பின்னால் நின்று பார்த்து நானும் தலையாட்டினேன். கொஞ்ச நாளில் வீடு அமைதியானது, உங்கள் தம்பி வெள்ளிப் படி ஏறினார், தங்கப் படியும் ஏறினார். உச்சி குளிர்ந்துபோய் உங்களுக்கு நானே போன் செய்து நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் பயிற்சிப் பள்ளியில்தான் தெரிந்தது. மருந்துக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று சுற்றுச்சுவரில் இடித்துவிட்டார். உங்கள் தம்பி இறங்கினார், நசுங்கிய இடத்தைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், திரும்ப ஏறி உட்கார்ந்து, "சரி, இதுல நாம என்ன கத்துக்கிட்டோம்?" என்று புன்னகைத்தார். அந்த அம்மா மறுநாள் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். "சாரை ஒரே ஒரு தடவை திட்டச் சொல்லுங்க. அவர் அப்படிச் சிரிக்கிறப்ப எனக்குப் பிரேக் எதுன்னே மறந்துபோகுது," என்றார். அடுத்தது மாடி வீட்டுக்காரர். அவருடைய தண்ணீர்த் தொட்டி வழிந்து எங்கள் கட்டிலே நனைந்துபோனது. முன்பென்றால் உங்கள் தம்பி போருக்குப் போகிற மாதிரி மாடியேறியிருப்பார். அன்றும் ஏறினார். "கட்டிலை அங்க போட்டது எங்க தப்பு. கத்துக்கொடுத்ததுக்கு நன்றி," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். மாடி வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கே தொட்டியைச் சரிசெய்தார், எப்போதோ இரவல் வாங்கிய ஏணியைக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார். இப்போதெல்லாம் பின்பக்கப் படியில்தான் இறங்குகிறார். நான் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மனிதர்களின் கண்ணைப் பார்க்கிறவள். உங்கள் தம்பி இமைப்பது குறைந்துவிட்டது. இமைக்கும்போதும் தேவை இருந்து இமைப்பதாகத் தெரியவில்லை, ஞாபகம் வந்து இமைக்கிறார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தள்ள முடியவில்லை. பட்டப்பகலில், மடித்த துணியோடு அவர் அறைக்குள் போனேன். கணினியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அவர் அந்தக் கறுப்புத் திரையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குள் யாரோ நடமாடுவது போல விழிகள் இடமும் வலமும் ஓடின.

"என்ன பாக்கறீங்க?"

"காலையில நாம பேசினதை. ஒரு நிமிஷம் பொறு. இப்ப நீ சமையலறையிலிருந்து வருவ."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன், அண்ணி. கையில் அவருடைய சட்டை.

"வந்துட்ட," என்றார். "பாரு, இங்க நீ சிரிக்கிற. நான் கவனிக்கவே இல்ல. என் தப்பு." பின்னுக்கு ஓட்டுவது போல விரலை அசைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதோ, கதவுகிட்ட திரும்பிப் பாக்கிற. அங்க யாரு?"

அங்கே யாரும் இல்லை. ஆனால் காலையில் நான் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தது உண்மை. அப்போது அவர் குளியலறையில் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க மனுஷன்தானா? திட்டுங்க, கத்துங்க, ஒரு டம்ளரையாவது தூக்கிப் போடுங்க," என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் அதே புன்னகையோடு என்னைப் பார்த்தார். மேசை விளிம்பில் இருந்த வலது கட்டைவிரல் லேசாக ஒரு தடவை அழுந்தியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. வேடிக்கைக்குச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். பின்னால் நின்று பாத்திர மூடியைக் கீழே போட்டேன், திரும்பவில்லை. ஆனால் அழைப்பு மணி அடித்தால் போய்க் கதவைத் திறந்தார். மாடியில் குழாயை மூடும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு டீ போட்டுத் தந்தார், போர்வை போர்த்திவிட்டார், எதிலும் குறை வைக்கவில்லை. நான் எதிரில் நின்று கெஞ்சினால், தொட்டியில் இருக்கும் மீனைப் பார்ப்பது போல என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சாயங்காலம், நான் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு, அந்தக் கட்டைவிரல் மறுபடி அழுந்தியது.

"ம், இப்ப சொல்லு," என்றார்.

"எங்க போயிருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன். சத்தம் வேண்டாம்னு அணைச்சு வச்சிருந்தேன். நல்லா யோசிக்க முடிஞ்சது." குரலில் கோபமும் இல்லை, வஞ்சமும் இல்லை. அன்றுதான் அவர் வைரப் படி ஏறினாராம். கை கொடுத்தார். விரல் சில்லென்று இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. அந்தக் கத்தல்தான் என் கணவர். அதைக் கேட்டுத்தான் அவர் எந்த அறையில் இருக்கிறார், எங்கே வலிக்கிறது, சாப்பிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். இப்போது வீட்டில் இருப்பவர் மிக நல்ல மனிதர், அவரை எனக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு நாள் விரலை அழுத்திவிட்டுத் திரும்ப அழுத்த மறந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

ஆகையால் நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். அவரைச் சண்டைக்கு இழுக்க உங்களை விட்டால் ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது, அவர் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டு, "அழுமூஞ்சி" என்று கூப்பிட்டு, கை கழுவுவதற்குள் வீட்டைத் தலைகீழாக்கினீர்களே, அதே மாதிரி செய்யுங்கள். அன்று உங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல். இன்று அதற்காக ஏங்குகிறேன். அவர் நாற்காலியில் ஏறி உட்காருங்கள். ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து இணைய இணைப்பைப் பிடுங்குங்கள். அவர் ஒரே ஒரு முறை தொண்டை கிழியக் கத்திவிட்டால் போதும், காலமெல்லாம் உங்களுக்குக் கடமைப்பட்டிருப்பேன்.

அண்ணனின் முழங்கால் சீக்கிரம் தேறட்டும். பெரியவள் பரீட்சையை நல்லபடியாக எழுதி முடிக்கட்டும். சின்னவனுக்கு என் முத்தம், அவனைக் கணினிப் பக்கம் விட வேண்டாம். வீட்டில் எல்லோரும் சத்தமும் சண்டையுமாக நீடூழி வாழ வேண்டுகிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்னால் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தேன். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். கட்டிலை அங்கே போடச் சொன்னதே நான்தான். மிக்ஸியையும் நான்தான் போட்டேன். அவ்வளவு சத்தமாகப் பேசினால் யார்தான் காது கொடுப்பார்கள்? அழுததில் ஒரு முழு நாள் வீணாகிவிட்டது, முகத்தை இன்னும் சீக்கிரம் கழுவியிருக்கலாம். நிறையக் கற்றுக்கொண்டேன் அண்ணி. நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், இப்போது எனக்குப் பயம் கொஞ்சமும் இல்லை. உங்கள் தம்பி எதிரில்தான் நிற்கிறார். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பழையபடி வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார், சத்தமே கேட்கவில்லை. இந்த வரியை எழுதி முடித்துவிட்டு என்னவென்று கேட்டுக்கொள்கிறேன்.