ஜவுபர் பெடல் கொண்ட படலம்

செவியுடையீர், வாழ்க! வங்கக்கடல் வந்து வந்து வணங்கிச் செல்லும் மருதமுனைப் பதியில், தறிகள் தாளமிடும் தெருவில், நான்கு நரம்புகளைத் தோளிலே தாங்கி நின்ற பெருந்தகை ஜவுபர் வாழ்க! பகலெல்லாம் நீரிறைக்கும் பம்புகளின் பிணி தீர்த்து, மாலையெல்லாம் பேஸ் கிட்டாரின் அடிநாதம் வளர்த்த அருந்திறலோன். பதினோராண்டு காலம் 'கீழைத்தென்றல்' இசைக்குழுவின் அத்திவாரமாய்க் கிடந்தும், அத்திவாரம் எவர் கண்ணுக்கும் தெரியாதது போல எவர் காதுக்கும் எட்டாதோன். முப்பத்தெட்டு வயதும் முழங்காலில் சிறிது வலியும் உடையோன். அவன் ஓர் இரும்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

போருக்குக் காரணம் ஓர் இடக்கை.

அது கீபோர்ட் வாசிக்கும் பிரகாஸின் இடக்கை. நகர மண்டபக் கச்சேரிக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்த வேளையில், நற்பிட்டிமுனையில் தன் மாமனின் நெற்களஞ்சியத்தில் மூட்டைகள் சூழ நடந்த ஒத்திகையின் நடுவே, இருபத்தாறே வயதான அந்த இளவல் எழுந்து, வெயிலடிக்கும் வானிலிருந்து இடி இறங்கினாற்போல் இதனை மொழிந்தான்:

"ஜவுபர் காக்கா, குறை நினைக்காதீங்க. உங்கட பேஸ் ஒருத்தருக்கும் கேக்குதில்ல. அந்தப் பகுதிய நான் இடக்கையால வாசிக்கிறன். நீங்க மேடையில கிட்டார மாட்டிட்டு சும்மா நில்லுங்க. பாக்க வடிவா இரிக்கும்."

சும்மா நிற்பதா! மடை திறந்து வயல் வயலாய் நீர் பாய்ச்சியவனை வரப்பிலே பொம்மையாய் நடுவதா! ஜவுபர் நாற்றிசையும் நோக்கினான். டிரம்ஸின் பின்னே வீற்றிருந்த சுஜீபன் தன் குச்சிகளை நோக்கினான், பாடகி கஜேந்தினி தன் தண்ணீர்ப் போத்தலை நோக்கினாள், மறுத்துரைப்பார் ஒருவருமிலர். "யோசிச்சுச் சொல்றன்" என்று மட்டும் கூறி அவன் வீடு மீண்டான். அன்று அவன் உண்ட சோற்றில் சுவையே இல்லை. இருந்தும் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான்.

மறுநாட் காலையில் சபதம் பிறந்தது.

"முஸ்பிறா! நான் இண்டைக்கு ஓவர்டிரைவ் பெடல் ஒண்டு எடுக்கப் போறன்!"

ஓவர்டிரைவ் பெடலாவது, காலால் ஒரு மிதி மிதித்தால் மழமழவென்றோடும் நாதத்துக்குச் சற்றே கரகரப்பை ஏற்றி, கூட்டத்தில் கரையும் குரலைக் கூட்டத்தில் கேட்கும் குரலாக்கும் கையகலப் பெட்டி. இதனை அவன் விரித்துரைத்தபோது, இல்லக்கிழத்தி முஸ்பிறா அடுப்பைத் தணித்துவிட்டு விடை பகர்ந்தாள்.

"ஓம், போவம். எனக்கும் கல்முனையில ஜன்னல் சீலை பாக்க இரிக்கி."

புறப்பட்டது படை. ஈருருளித் தேரை ஜவுபர் செலுத்த, பின்னே அமர்ந்த முஸ்பிறா அபாயாவின் மேல் கிட்டார்ப் பையை முதுகிலே சுமந்தாள். அப்பையின் நெடுங்கழுத்து அவள் தலைக்கு மேலே கொடிமரமென ஓங்கி, பாண்டிருப்பு வரைக்கும் வீதியோரத்துக் கிளைகள் ஒவ்வொன்றுடனும் பொருதிற்று. வெற்றியும் தோல்வியும் இரு பக்கத்தாருக்கும் இருந்தன.

கல்முனையில் இசைக்கருவிக் கடை நடத்தும் கனகசிங்கம் பேச்சைச் சிக்கனமாகச் செலவிடும் மனிதர். வந்த காரியத்தைக் கேட்டார், உள்ளே போனார், பச்சை, கறுப்பு, நீலம் என மூன்று பெட்டிகளைக் கொணர்ந்து கண்ணாடி மேசைமீது நிறுத்தினார். பின்பு கைகட்டிக்கொண்டார்.

பச்சைப் பெட்டி முதலிற் களம் புகுந்தது. ஜவுபர் காலெடுத்து மிதித்தான். இனிமையோ இனிமை! ஆயினும் கரையேறும் அவசரத்தில் தன் வயிற்றைக் கடலிலேயே விட்டுவந்த குரலாய், அடிநாதத்தை முற்றாகத் துறந்து, மேல்நாதம் ஒன்றே கீச்சிட்டு நின்றது. அது லீட் கிட்டாருக்கென்று பிறந்த பெட்டி. ஆழத்தைத் தாங்க அதற்கு விதிக்கப்படவில்லை.

"வயித்தக் காணயே" என்றாள் பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்திருந்த முஸ்பிறா. பச்சை வீழ்ந்தது.

அடுத்து எழுந்தது கறுப்பு. அந்தோ, அதை எங்ஙனம் உரைப்போம்! மிதித்த கணத்தில் கண்ணாடி மேசை நடுங்கிற்று. சுவரில் தொங்கிய வயலின்கள் தாமாக முனகின. இறக்காமத்து வயலில் நள்ளிரவில் இறங்கிய ஒற்றை யானை பிளிறினாற்போற் கடை அதிர, பக்கத்துக் கடையின் தையற்காரர் ஊசியும் கையுமாக வாசலில் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். பதினோராண்டு கேட்கப்படாதவன் ஒரே மிதியில் வீதிக்கே கேட்டான். அவன் கண்களில் நீர் திரையிட்டது. பிரகாஸின் இடக்கை இந்தக் கர்ச்சனையின் முன் பொரித்த நெத்தலியாய்ச் சுருளும் காட்சியை அவன் மனக்கண் கண்டு மகிழ்ந்தது.

"இது வயல் உழுற லாண்ட்மாஸ்டர்தானே" என்றாள் முஸ்பிறா. "நீங்க வாசிச்ச பாட்டு எங்க போன?"

"உனக்கு வெளங்காது புள்ள."

"எனக்குக் காது இரிக்கி."

கனகசிங்கம் எவர் பக்கமும் சாராமல் நீலத்தை இணைத்தார். மற்றவற்றில் இல்லாத ஒரு திருகு அதில் இருந்தது: கரகரத்த குரலோடு கிட்டாரின் சொந்தக் குரலையும் வேண்டிய அளவு கலக்கும் திருகு. ஜவுபர் மிதித்தான். யானையும் வரவில்லை; வயலினும் முனகவில்லை. சற்றே தொண்டை கட்டிய மனிதர் ஒருவர் பணிவாகப் பேசினாற்போலிருந்தது. வீரன் உதட்டைப் பிதுக்கினான்.

அப்பொழுது கடைக்காரர் தம் மௌனத்தை உடைத்தார். "தம்பி, தனிய வாசிச்சா ஒண்டும் தெரியாது. கூட்டத்துக்குள்ள வச்சுப் பாக்கணும். ரெண்டையும் கொண்டு போங்க. புடிக்காததத் திருப்பித் தாங்க."

அன்று பின்னேரமே நெற்களஞ்சியம் போர்க்களமாயிற்று. கறுப்பைக் காலடியில் வைத்து, நீலத்தைப் பைக்குள்ளேயே விட்டு, ஜவுபர் மேலுதட்டு வியர்வையைத் துடைத்தான். முஸ்பிறா ஜன்னல் சீலைப் பொதியோடு நெல்மூட்டையொன்றில் அமர்ந்தாள். சுஜீபன் நான்கு எண்ணினான். பிரகாஸின் இரு கரங்களும் கட்டைகளில் இறங்கின. ஜவுபர் மிதித்தான்.

எழுந்தது ஊழிப் பெருவெள்ளம். அது டிரம்ஸை விழுங்கிற்று, கீபோர்டை விழுங்கிற்று, பாட்டை விழுங்கிற்று, ஈற்றில், கொடுமையினும் கொடுமையாக, ஜவுபரின் விரல்கள் மீட்டிய சுரங்களையே விழுங்கி, எது ச எது ப என்று அவனுக்கே விளங்காவண்ணம் ஏப்பமிட்டது. இரண்டாம் அடியிலேயே கஜேந்தினி மைக்கைத் தாழ்த்தினாள்.

"காக்கா, எனக்குச் சுருதி புடிபடுதில்ல."

பிரகாஸ் சிரித்திருந்தாலாவது பகையென்று கொள்ளலாம். அவன் சிரிக்கவில்லை, இரங்கினான். "பரவாயில்ல காக்கா. நான் சொன்ன மாதிரியே செய்வம்" என்றான் மெல்ல. அவ்விரக்கம் வேலினும் கூரியதாய் வீரனின் நெஞ்சிற் பாய்ந்தது. கிட்டாரைக் கழற்றிவிடவே அவன் கை வாரைத் தொட்டது.

"மத்ததையும் ஒருக்காப் பாருங்களன்" என்றாள் முஸ்பிறா, மூட்டையில் இருந்தபடியே. "கொண்டு வந்த சாமான்தானே."

நீலத்தை எடுத்தான், கடையில் மின்கம்பியால் உயிர்பெற்ற அதற்குள் பற்றரி இல்லை. ஆகவே தோற்ற வேந்தனின் மார்பைப் பிளந்து இதயத்தைப் பறிப்பது போல் கறுப்பின் அடிப்பலகையைக் கழற்றி, அதன் ஒன்பது வோல்ட் பற்றரியைப் பறித்து நீலத்துக்கு ஊட்டினான். பின் தரையில் மண்டியிட்டான். முழங்கால் வலித்தது. பிணியுற்ற பம்பின்முன் எப்படிக் காது வைத்துக் கிடப்பானோ அப்படியே கிடந்து, சுஜீபனை மட்டும் அடிக்கச் சொல்லி, திருகுகளை நெல்மணியளவு நெல்மணியளவாக நகர்த்தினான். சத்தமிடும் பம்பெல்லாம் தண்ணீர் தருவதில்லை என்பதை அம்பாறைக் கரையில் அவனைவிட அறிந்தவர் யார்? அந்த அறிவை ஏன் இத்தனை நாளாகக் கிட்டாரிடம் கொண்டுவரவில்லை என்று நாணி, கரகரப்பைப் பாதியாய்த் தணித்தான், சொந்தக் குரலைப் பாதியாய்க் கலந்தான், எழுந்தான்.

மீண்டும் நான்கு எண்ணப்பட்டது.

இம்முறை எதுவும் நடுங்கவில்லை. ஆனால் டிரம்ஸின் ஒவ்வோர் அடிக்கும் கீழே ஒரு படி முளைத்தது. அந்தப் படியில் கால்வைத்தே கஜேந்தினியின் குரல் ஏறிற்று. ஏறியவள் பாடிக்கொண்டே ஜவுபரைத் திரும்பிப் பார்த்தாள், பதினோராண்டில் முதன்முறையாக. பிரகாஸின் இடக்கை முதலடியில் எதிர்த்து நின்றது. இரண்டாம் அடியில் இடறிற்று. மூன்றாம் அடியில், தான் நிற்க வேண்டிய இடத்தில் ஏற்கனவே ஒருவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டு, தயங்கித் தயங்கிக் கட்டைகளை விட்டு எழுந்து வெறும் வெளியிலே நின்றது.

பாட்டு முடிந்தது.

"காக்கா, நீங்களே வாசிங்க" என்றான் பிரகாஸ். "இப்பதான் நான் கேட்டன்."

ஆகா, வென்றது நீலம்! வென்றது நாலு நரம்பு! குருதி சிந்தாமல், குரல் உயர்த்தாமல், காலொன்றால் மிதித்துக் காதொன்றால் வென்ற ஜவுபரின் புகழ் மருதமுனைத் தறிகளில் ஊடும் பாவுமாய் நெய்யப்படுக! அவன் அடிநாதம் வான்கதவு திறந்த குளமென வயல்கள்தோறும் பரவுக! அவன் முன் தாழ்ந்த அந்த இடக்கை, இழந்த நாட்டின் எல்லையிலே தனித்து நிற்கும் மன்னனைப் போல், இனி எத்தொழில் புரிவது, எத்திசை ஏகுவது என்றறியாது ஒருகணம் அந்தரத்தில் அசையாது நின்றது.

பிறகு பிரகாஸ் அந்தக் கையால் முதுகைச் சொறிந்தான்.