செவிடர் ஆசிரியை

1978 ஜூன் மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானலில் ஏரிக்கு மேலே உள்ள சிறிய கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் லூர்துசாமி அறிவிப்புகளை வாசித்தார். கடைசி அறிவிப்பு: "செவிடர் ஆசிரியை ஜோசப்பினுக்காக வேண்டிக்கொள்வோம்."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜோசப்பினுக்கு அது மிகத் தெளிவாகக் கேட்டது.

காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்னையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. போவதா வேண்டாமா என்று தெரியாமல் சாமியாரிடம் ஜெபம் கேட்டிருந்தாள். போனால் ஓராண்டுக்குச் சம்பளம் கிடையாது. அவளுடைய மூன்றாம் வகுப்பை வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். படித்துத் திரும்பினால் என்ன கிடைக்கும் என்பதைத் தலைமை ஆசிரியை ஏற்கனவே கேட்டுவிட்டார்.

"இந்த மலையில காது கேக்காதவங்க யாரு இருக்கா, ஜோசப்பின்? போன வருசம் ஒரு புள்ள இருந்துச்சு. அதையும் அவங்கப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு. இனி யாருக்குச் சொல்லிக்குடுப்ப, மரத்துக்கா?"

கூப்பிட்டால் திரும்பவில்லை என்று பக்கத்து வகுப்பில் தினமும் முழங்கால் போட்ட பிள்ளை அது. சென்னைக்குப் போக ஜோசப்பினிடம் அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

கோயில் வாசலில் டிரில் மாஸ்டர் அடைக்கலராஜ் அவள் முகத்துக்கு நேரே நின்று மைதானத்துக் குரலில் கேட்டார். "டீச்சர், எந்தக் காது?"

"ரெண்டும் நல்லாக் கேக்குது, சார்."

"பாவம்" என்றாள் பள்ளி ஆயா கித்தேரியம்மாள், பக்கத்திலிருந்தவளிடம், தாராளமான குரலில். "அவுகளுக்கே இன்னும் தெரியல போல."

அந்த வாரம் ஊரே அவளிடம் கத்தியது. மூன்றாம் வகுப்பு, கிடைத்த சலுகையை விடாமல், வாய்ப்பாட்டை ஏரிவரை கேட்கும்படி ஒப்பித்தது.

ஜோசப்பின் சாமியாரிடம் முறையிட்டாள். அவர் வருந்தினார். அடுத்த ஞாயிறே திருத்தினார்: "இறைவன் அருளால் நம் ஜோசப்பின் டீச்சருக்குக் காது நன்றாகவே கேட்கிறது."

ஒரே வாரத்தில் நடந்த அற்புதம் என்று கோயில் முடிவு செய்துகொண்டது. அன்று மாலை காதுவலிக்காரர்கள் அவள் வீட்டு வாசலில் நின்றார்கள். வில்பட்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவரை, தன்னால் ஆவது ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பினாள். அவர் போனார், அழுக்கை எடுத்தார்கள், காது திறந்துகொண்டது. மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கானது.

இத்தனை பேரில் ஜோசப்பின் எதிர்பார்த்தது ஒருத்தியைத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்வெட்டர் கடை சேக் பரீதின் வீடு. அவர் மனைவி ஃபக்ருன்னிசாவை, குடிவந்த நான்கு வருடமாகக் காலையில் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டாச்சாக்கா?" என்று ஜோசப்பின் கேட்பாள். இவள் பக்கம் பார்த்தால் அவள் சிரிப்பாள். பார்க்காவிட்டால் பேசாமல் உள்ளே போய்விடுவாள். பெருமைக்காரி என்று நினைத்து ஜோசப்பினும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். பிறகு வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்.

முதல் அறிவிப்புக்கு மறுநாள், ஒரு முறம் பட்டாணியோடு ஃபக்ருன்னிசா தானாகவே வந்தாள். ஊரெல்லாம் கத்தியபோது அவள் மட்டும் கத்தவில்லை. விளக்கடியில் எதிரே உட்கார்ந்து, கையைத் தொட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். பட்டாணி தீர்ந்ததும் போனாள். மறுநாளும் பட்டாணியோடு வந்தாள்.

காது கேட்கும் என்று ஊர் முழுக்கச் சொன்ன ஜோசப்பின் அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்று பயம். சென்னைக்குப் போகாமலிருக்க அவளுக்கு முதன்முறையாக ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது.

ஆனால் அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கேட்ட சாமியார், உண்மையைச் சொல்லிவிடு என்றார். அன்று மாலை காப்பிக்கு அடுப்பை மூட்டியபடி, திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்க்கா. மொதல்லயே சொல்லியிருக்கணும்."

திரும்பியபோது ஃபக்ருன்னிசா தலைகுனிந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காப்பியைக் குடித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனாள். காலையில் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளை ஜோசப்பின் இரண்டு முறை கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

அன்றே ஜோசப்பின் சென்னைக்குத் தந்தி கொடுத்தாள். அதன்பின் மாலையில் கதவு தட்டப்பட்டால், காதுவலிக்காரர்கள்தான் என்று, திறக்காமலே "போயிட்டு வாங்க" என்றாள். யாரோ ஒருவர் மட்டும், எத்தனை முறை சொன்னாலும் கேட்காமல், தட்டிக்கொண்டே இருந்தார்.

புறப்படும் நாளில் வத்தலக்குண்டு பஸ்ஸின் சன்னலருகே சேக் பரீது மூச்சுவாங்க வந்து, ஒரு மப்ளரை நீட்டினார்.

"வீட்டுல குடுத்துவிட்டா, டீச்சர். ரெண்டு மூணு நாளாக் கதவத் தட்டிப் பாத்தாளாம்."

"அக்கா என் மேல கோவமா இருக்காங்கன்னு நெனச்சேன், பாய். எனக்குக் காது கேக்கும்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"சொன்னீங்களா? அவ இன்னும் ஒங்களுக்குக் கேக்காதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கா. ஒங்களுக்குச் சரியாப் போச்சுன்னு கடைத்தெருவுல பேசிக்கிட்டாங்க. நான்தான் வீட்டுல சொல்லல. சொன்னா ஒங்ககிட்ட வர்றத நிறுத்திருவா."

"ஏன் பாய்?"

டிரைவர் எஞ்சினை முடுக்கினார். சேக் பரீது அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வெரசாப் படிச்சுட்டு வாங்க. அவளுக்குக் காது கேக்காம ஒம்பது வருசமாச்சு, டீச்சர்."