முதுகு காட்டிக் கொடுத்த கதை

உடம்பு பொய் சொல்லாது என்பார்கள். சொல்லவைக்கத் தெரியாதவர்கள் பேச்சு அது. இருபது வருடமாக ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். ஸ்டூலில் உட்காரும் தினுசிலேயே யார் விசாவுக்கு வந்தவர், யார் மனைவி விரட்டி வந்தவர் என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு முதுகுவலியை நடிக்கத் தெரியாதா?

நடித்தே ஆகவேண்டும். ஞாயிறு காலை செஸ் கிளப்பில் இறுதி ஆட்டம். ஒன்பது வருடமாக முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியவன், இந்த முறைதான் இறுதிவரை வந்திருக்கிறேன். அதே காலையில் என் மச்சினி வீடு மாறுகிறாள். அவளுடைய இரும்பு பீரோவை மூன்று மாடி ஏற்ற, என் மனைவி என்னைத் தாரை வார்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை இடுப்பில் கையை வைத்து, ஒரு காலை இழுத்தபடி வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு. உக்காரலாம். எதையும் தூக்கத்தான் கூடாது."

"யாரு சொன்னா?"

"முதுகே சொல்லுது."

படுக்கச் சொன்னாள். படுத்தேன். ஐந்தாவது நிமிடமே உடம்பெல்லாம் பரபரத்தது. மனசுக்குள் குதிரையை நகர்த்தினால் கால் கட்டைவிரல் ஆடியது. மறுநாள் காலைவரை இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள் மனைவி.

"ஆபீஸ்ல போட்டோ கேக்கறாங்க. படுத்துக்கிட்டே போன்ல ஒண்ணு எடுங்க."

பார்த்தால், ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே.

"தோளை இறக்கு."

இன்னும் ஏற்றினாள்.

"முதுகை நிமித்து!"

கூனிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பேன்? துள்ளி எழுந்தேன். வெளிச்சத்தை மறைத்த மேசையை ஒற்றை ஆளாக நகர்த்தினேன். அவளை ஸ்டூலோடு தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தேன். மண்டியிட்டுத் தாடையைச் சரிசெய்தேன்.

"அசையாம இரு. கண்ணைச் சிமிட்டாதே."

அசையாமல்தான் இருந்தாள். உதடு மட்டும் சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக இடுப்பில் கையை வைத்தேன்.

"வலி அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

கையை மாற்றினேன். அதற்குள் அவள் போனை வாங்கிவிட்டாள்.

"செஸ் கிளப்பா? எங்க வீட்டுக்காரருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. நாளைக்கு ஆட வரமாட்டார்."

"ஐயோ, எனக்குச் சரியாயிடுச்சு!"

போனைக் கையால் பொத்தினாள். "சரியாயிடுச்சா? அப்ப பீரோ?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். போய்ப் படுத்தேன்.

பேசி முடித்துவிட்டு வந்தாள்.

"உங்களோட ஆட வேண்டியவர்தான் போனை எடுத்தார். தங்கமான மனுஷன். நாளைக்குச் சும்மாதான் இருக்காராம், பீரோ தூக்க வர்றேன்னார். நீங்க அசையாம படுங்க. கண்ணைச் சிமிட்டாதீங்க."