கிளட்ச் அண்ணனின் இடது கால்

உலகத்தில் பெரும்பாலோர் மூளையால் யோசிக்கிறார்கள். சிலர் வயிற்றால் யோசிக்கிறார்கள். இடது காலால் யோசித்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் கிளட்ச் அண்ணன்.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் நஜர்பாத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நான் ‘ரைட்டர்’ உத்தியோகம் பார்த்தேன். பெயரைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டாம். வண்டி கொண்டுவருகிறவர் சொல்லும் புகாரைக் கேட்டு ஒரு அட்டையில் எழுதி, அதை வைப்பருக்கு அடியில் செருகுவதுதான் என் எழுத்துப் பணி. தேவைக்கு மேல் புத்தகம் படித்தவன் என்பதால், ‘முன் வலது சக்கரத்தில் இன்னதென்று சொல்லமுடியாத ஒரு துயரம்’ என்றெல்லாம் எழுதிவைப்பேன். தலைமை மெக்கானிக்கான கிளட்ச் அண்ணன் என்னையே அதை வாசிக்கச் சொல்வார். கண்ணை மூடி முழுதாகக் கேட்பார். பிறகு, “பேரிங்குங்க ரைட்டரே” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். என் படைப்புகளுக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சுருக்கமானது இதுவரை வரவில்லை.

அண்ணன் கொள்ளேகால் பக்கத்துக்காரர். முதலில் லாரி ஓட்டி, பிறகு லாரியைப் பிரித்து, அப்படியே கார்களுக்கு வந்தவர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கிளட்ச்தான். காரணம், அந்த இடது கால். எங்கே உட்கார்ந்தாலும் அது ஒரு கிளட்ச் பெடலைத் தேடும். சினிமாவில் பஸ் மலையேறினால் அண்ணனின் கால் அழுந்தும். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார். சவரக்கடையில் கத்தி கன்னத்துக்கு வரும்போது அழுந்தும். தாலி கட்டும்போதுகூட அழுத்தினார் என்று அவர் சம்சாரமே சொல்லியிருக்கிறார். “மூணு முடிச்சுக்கு மூணு தடவை. ஆளு கியர் மாத்திட்டாருன்னு எங்கம்மா அப்பவே சொல்லுச்சு.”

டவுன் பஸ்ஸில் அவரோடு போவது ஒரு தண்டனை. கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். ஏற்றத்தில் டிரைவர் ஒரு கணம் தாமதித்தால் கடைசி சீட்டிலிருந்து குரல் வரும்: “செகண்டு போடு மாராயா! வண்டி அளுகுதல்ல?” டிரைவர்கள் அவர் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இன்னொரு குணமும் உண்டு. கிளட்ச் அண்ணன் தவறே செய்யமாட்டார். செய்யமாட்டார் என்றால், செய்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார். தவறு வண்டியுடையது, ரோட்டுடையது, பெட்ரோலுடையது, அல்லது வண்டியைச் செய்த தேசத்துடையது. ஒருமுறை ஒரு காரின் சக்கரத்தை மாற்றிவிட்டு நட்டு முடுக்க மறந்து, அது வாசலிலேயே கழன்று உருண்டது. “சக்கரத்துக்கு அவசரமுங்க” என்றார்.

அந்த ஆண்டு தசராவுக்குக் கொஞ்சம் முன்னால், இங்கிலாந்தில் பல வருஷம் இருந்த டாக்டர் ஒருவர் மைசூருக்கே வந்து சேர்ந்தார். கூடவே கப்பலில் அவருடைய கார் வந்தது. இரண்டே கதவு, கருநீலம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். டாக்டருடைய அம்மாவுக்கு வீட்டில் தனியாக ஆயுத பூஜை செய்வதில் திருப்தியில்லை. மற்ற வண்டிகளோடு சேர்த்துச் செய்தால்தான் அதற்கும் ஊர் பிடிபடும் என்று எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டார்.

அந்தக் கார் எங்கள் வாசலில் உறுமிக்கொண்டு நுழைந்த நாளில் எங்களுக்கு வந்த பெருமை இருக்கிறதே, எதிர் ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒரு வாரம் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான்கூடச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டேன்.

டாக்டர் சாவியை நீட்டி, “மேஸ்திரி, கொஞ்சம் உள்ள தள்ளி நிறுத்திடுங்க. ஆட்டோமேட்டிக், கியர் தானா மாறும். கிளட்ச் கிடையாது” என்றார்.

கடைசி இரண்டு வார்த்தைகளில் அண்ணனின் முகம், சொந்தக்காரர் சாவுச் செய்தி கேட்டதுபோல் ஆனது. ஆனாலும் உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி பத்தடி நகர்ந்தது. இடது கால் தன் வழக்கப்படி கிளட்சைத் தேடி, அங்கே அகலமாக இருந்த பிரேக்கைக் கண்டுபிடித்து, முழு பக்தியோடு மிதித்தது. டாக்டரின் மூக்குக் கண்ணாடி முன் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

“பிரேக்கை எதுக்குங்க இத்தனை அகலமா வெச்சிருக்காங்க?” என்று இங்கிலாந்தைக் கண்டித்துவிட்டு, அண்ணன் இடது காலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அரைப் பத்மாசனத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். யோகா கற்க வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் வாசலில் நின்று கைகூப்பிவிட்டுப் போனார்கள்.

ஆயுத பூஜை. வாழைக்கன்று, மாவிலை, பூசணிக்காய், ஜாக்கி முதல் ஸ்பானர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வண்டிகளுக்குள்ளே பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு. காரணம் பக்தியல்ல, அந்த வளாகத்திலேயே கிரீஸ் படாத கை என்னுடையது மட்டும்தான். வெளிநாட்டு வண்டி ஆயிற்றே என்று நான் தாராளமாக நடந்துகொண்டேன். ஸ்டீயரிங், கியர்க் குச்சி, ரேடியோ, இண்டிகேட்டர் என்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தன உருண்டை, அதன் மேல் குங்குமம். கியர்க் குச்சிக்குப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் வரிசையாக இருந்தன. இடமிருந்து வலமாக, அழுத்தமாக, மூன்றுக்கும் வைத்தேன்.

பூஜை முடிந்து டாக்டர் வண்டியை எடுத்துப்போய் வாரம் இரண்டு போயிற்று. மறுபடி வந்தார். வண்டி உறுமிக்கொண்டு நுழையவில்லை, ஊர்ந்துகொண்டு நுழைந்தது.

“சாமுண்டி மலை ஏறும்போது ஒரு மொபெட் என்னை ஓவர்டேக் பண்ணிடுத்து. அதுல மூணு பேர், நடுவுல ஒரு பலாப்பழம் வேற” என்றார் டாக்டர். நான் அட்டையில் ‘வீரியம் குன்றிய சிறுத்தை’ என்று எழுதினேன்.

முதலாளி பயந்துபோய்ப் பெங்களூரிலிருந்து வெளிநாட்டு வண்டி நிபுணர் ஒருவரை வரவழைத்தார். வெள்ளைச் சட்டை, பையில் டார்ச். வண்டிக்குள் உட்கார்ந்தவர், பொட்டுகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

“ஹோய்த்து சார், கியர்பாக்ஸே போச்சு. புதுசு ஃபாரின்லேருந்து வரணும். திங்கக்கிழமை வண்டி அனுப்பறேன், கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். அதுவரைக்கும் இங்க லாரி பாக்கறவங்க யாரும் கை வெக்கவேண்டாம்னு சொல்லுங்க.”

லாரி பார்க்கிறவர் அங்கேயேதான் நின்றிருந்தார். அவருடைய இடது கால் சிமெண்ட் தரையில் ஒருமுறை அழுந்தியது.

“டாக்டருங்க, பாக்ஸுல குத்தமில்லீங்க.”

“எப்படி மேஸ்திரி சொல்றீங்க? நீங்க ஆட்டோமேட்டிக் கழட்டியிருக்கீங்களா?”

“இல்லீங்க. கேட்டிருக்கேன். மொத நாளு நீங்க கேட்டுக்குள்ள வரையில நாலு படி கேட்டுச்சு. இன்னைக்கி மூணு படிதான் கேக்குது. ஒண்ணு எங்கியோ ஒளிஞ்சுட்டிருக்கு. செத்துப்போனது வேற, ஒளிஞ்சது வேறங்க.”

நிபுணர் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். அண்ணன் இடுப்பிலிருந்த ஸ்பானரை எடுத்து, பூஜைப் பொட்டு அழியாமல், என் மேஜையின் மேல் வைத்தார்.

“ஞாயித்துக்கெளமைக்குள்ள சொல்றேன். பாக்ஸுல குத்தமிருந்துச்சுன்னா, இனி இதைத் தொடமாட்டேன். ஊருக்குப் போயி ராகி வெதைக்கிறேன்.”

அவருக்கு ஊரில் நிலம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை மூன்று பேர் மலைக்குக் கிளம்பினோம். டாக்டர் ஓட்ட, பக்கத்தில் கண்ணை மூடியபடி அண்ணன், பின்னால் பெயருக்கு ஒரு சீட் என்று வைத்திருந்த இடுக்கில் மடிந்துகிடந்த நான். என் மடியில் வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேடு. அதை வாசிக்கத்தான் அண்ணன் என்னை அழைத்துப்போனார்.

அடிவாரத்தில் நிறுத்தி, மறுபடி கிளம்பச் சொன்னார். கிளம்பியது. மறுபடி நிறுத்து, மறுபடி கிளம்பு. ஐந்தாறு முறை ஆனது. அண்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“ஃபர்ஸ்ட்டே போடலீங்க. செகண்டுலயே கெளம்புது. வேணும்னே கெளம்புது. ரைட்டரே, இந்த வண்டி எப்ப செகண்டுல கெளம்பும்னு பொஸ்தகத்துல இருக்குதா பாருங்க.”

பார்த்தேன். இருந்தது. இந்த கியர்பாக்ஸுக்கு மூன்று மோடுகள் என்று போட்டிருந்தது. சிக்கன மோடில் கியர் சீக்கிரம் சீக்கிரமாக மேலே ஏறிவிடும். ஸ்போர்ட் மோடில் இன்ஜின் நன்றாகச் சுற்றும்வரை கீழ் கியரையே பிடித்துக்கொண்டிருக்கும், மிதித்தால் சட்டென்று ஒரு கியர் இறங்கும். மூன்றாவது, பனி மோடு. சக்கரம் வழுக்காமல் இருக்க, முதல் கியரை விட்டுவிட்டு இரண்டாவதிலேயே மெல்லக் கிளம்பும்.

“பனியா? மைசூர்லயா?” என்றார் டாக்டர்.

“அதாவது டாக்டருங்க, மொதலாவது எங்க மொதலாளி, எப்பவும் மிச்சம் புடிப்பாரு. ரெண்டாவது கொள்ளேகால் பஸ் டிரைவரு. மூணாவது, மாமனார் ஊட்டுக்கு மொத தடவை வர்ற மாப்பிள்ளை. வாசப்படியில வழுக்கிடுமோன்னு அடி அடியா வெப்பாரு. இதையெல்லாம் மாத்தற பொத்தானு எங்கிருக்குது ரைட்டரே?”

கையேட்டில் படம் இருந்தது. கியர்க் குச்சிக்குப் பக்கத்தில், வரிசையாக மூன்று. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அங்கே மூன்று சந்தன மலைகள், உச்சியில் குங்குமம். முதல் இரண்டு மேலே நின்றன. வலது ஓரத்து மலை மட்டும் உள்ளே அமிழ்ந்து, பக்கத்து இடுக்கெல்லாம் சந்தனம் வழிந்து காய்ந்து, சிமெண்ட் போட்டதுபோல் இறுகியிருந்தது.

“பூஜைப் பொட்டு, தானா விழற வரைக்கும் சுரண்டக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தா” என்றார் டாக்டர், மெதுவாக. “நானும் அந்தப் பக்கமே கை கொண்டுபோகலே.”

நான் என் மோதிர விரலைப் பார்த்தேன். கிரீஸ் படாத விரல்.

அண்ணன் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து ஊறவைத்தார். சட்டையில் எப்போதும் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்து இடுக்குகளில் சுரண்டினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். பொத்தான் துள்ளி மேலே வந்தது.

“நடுவுல இருக்கறத அமுக்குங்க டாக்டருங்க. பஸ் டிரைவரு வரட்டும்.”

பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. முதுகு சீட்டுக்குள் போனது. வண்டி ஒவ்வொரு கியரையும் கடைசிவரை இழுத்துக் கத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. வளைவுக்கு வளைவு தானே ஒன்று இறங்கியது, தானே ஏறியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, “ஒண்ணு… ரெண்டு… எறங்கு… ஆய்த்து, ஏறு!” என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடது கால் ஒவ்வொரு முறையும், கியர் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் சரியாக அழுந்தியது. பாதி மலையில் இருக்கும் நந்தி சிலையை எப்போது தாண்டினோம் என்று தெரியவில்லை. உச்சியில் டாக்டர் இறங்கி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் நானும் ஒருவன் என்ற நினைப்பில் எனக்கு நெஞ்சு விரிந்தது.

விரிந்த நெஞ்சு அடுத்த கேள்வியில் சுருங்கியது.

“மேஸ்திரி, உங்க ஒர்க்‌ஷாப்புல யார் இந்தச் சந்தனம் வெச்சது? ஒரு கியர்பாக்ஸையே தூக்கிப்போட இருந்தேனே!”

நான் மோதிர விரலைக் கையேட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

“நானுங்க” என்றார் கிளட்ச் அண்ணன். “என்ற தப்புத்தானுங்க. வெளிநாட்டு வண்டின்னு கொஞ்சம் தாராளமா வெச்சுட்டேன். மன்னிச்சுக்கோணும்.”

சக்கரத்துக்கு அவசரம் என்று சொன்ன அதே வாய்.

திங்கட்கிழமை இழுத்துப்போக வந்த வண்டி வெறுமனே திரும்பியது. நிபுணர் போனில், “சந்தனமா? சந்தனமா?” என்று இரண்டு முறை கேட்டதாக முதலாளி சொன்னார். அண்ணன் ஸ்பானரை என் மேஜையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் ஒர்க்‌ஷாப் அவரைச் சும்மா விடவில்லை. ஒரு மாதம் அவர் கடந்துபோகும்போதெல்லாம் எவனாவது மூக்கை உறிஞ்சி, “எங்கிருந்தோ சந்தன வாசனை வருதே” என்பான். வாழ்நாளில் ஒப்புக்கொண்ட ஒரே தவறு, அதுவும் அவருடையதல்ல.

தாங்க முடியாமல் ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். “ஏன் அண்ணா அப்படிச் சொன்னீங்க? நான் வெச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமே?”

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ரேகைக்குள் ரேகையாகக் கிரீஸ்.

“உங்க கை சுத்தம்னுதானுங்க உங்களை வெச்சிருக்காங்க ரைட்டரே. எனக்கு ஏற்கெனவே கறுப்பு. இன்னொரு கறை வந்தா யாருக்குத் தெரியப்போகுது? டீயைக் குடிங்க, ஆறுது.”

இப்போது என்னிடமும் கிளட்ச் இல்லாத வண்டி ஒன்று இருக்கிறது. அதிலும் மோடு மாற்றும் பொத்தான் உண்டு. ஆயுத பூஜையன்று அதற்குக் கடுகளவு பொட்டு, விரல் நுனியால், அழுத்தாமல் வைக்கிறேன். மலைப்பாதையில் ஏற்றம் வரும்போது மட்டும் என் இடது கால் தானாக ஒருமுறை தரையை அழுத்திப் பார்க்கிறது. நான் அதைத் தடுப்பதில்லை.