பந்துச் சித்தரின் ஞானக்கண்

ஜனவரி வந்தால் மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன். டன்லப் தெருவில் பந்துச் சித்தர். அங்கே மைதானத்தில் இடம் கிடைத்தாலும் கிடைக்கும், இங்கே நாகூர் கனியின் சாப்பாட்டுக் கடையில் நாற்காலி கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். கப்பல் பட்டறை ஊழியர் முதல் வங்கி அதிகாரி வரை தே தாரிக் டீயும் கையுமாக வாசலைத் தாண்டி நிற்பார்கள்.

சித்தர் செய்வது எளிய காரியம். பெரிய காவித் தலைப்பாகையுடன், டிவிக்கு முதுகைக் காட்டிக் கண்ணை இறுக மூடி உட்காருவார். "வலையில விழும்!" என்பார். அரை நிமிடம் கழித்துத் திரையில் பந்து வலையில் விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். டிவியின் சத்தத்தை மட்டும் அடைத்துவிட வேண்டும். தியானம் கலைந்துவிடுமாம்.

பந்தின் கதியை அறிந்தவருக்கு மனிதனின் கதி தெரியாதா? ஈசூன் வட்டாரத்தில் குடியிருக்கும் ரகுபதி மாட்டியது இப்படித்தான். அவர் மகள் வைதேகிக்கும் கபிலன் என்ற பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "பையன் ஜாதகத்துல டபுள் ஃபால்ட்டு," என்றார் சித்தர். "பொண்ணோட கல்யாண நெக்லஸை உருக்கித் தங்கத்துல டென்னிஸ் மட்டை செஞ்சு பூஜை பண்ணணும். எங்கிட்ட குடு, பாத்துக்கறேன். இல்லன்னா கல்யாணத்தை நிறுத்திடு." ஒன்பது கிரகத்தில் எது டென்னிஸ் ஆடுகிறது என்று ரகுபதி கேட்கவில்லை. நெக்லஸோடும் மகளோடும் எம்.ஆர்.டி. ரயில் ஏறினார்.

"கபிலன் நல்லவர்னு உங்களுக்கே தெரியும்லா, அப்பா?"

"தெரியும்மா. ஆனா சித்தர் ஒரு பாயிண்ட்கூடத் தப்பாச் சொன்னதில்லையே!"

கடையில் ஆண்கள் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வைதேகி சித்தரைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் ஸ்கோரைப் பார்த்தாள். சித்தர் வாயைத் திறக்கும்போதே அதில் புள்ளி ஏறிவிட்டது. டிவி மட்டும்தான் ஆடி அசைந்து பின்னால் வந்தது. அவள் நேரே கல்லாவுக்குப் போனாள்.

"கனி அங்கிள், ரிமோட் குடுங்க. பக்கத்துச் சேனல்ல பெண்கள் ஆட்டம் ஓடுது. மாத்திப் பாப்போம்."

"யாவாரம் படுத்துடும்மா." கனி தலையைச் சொறிந்தார். ஆசை விடவில்லை. "சரி, மாத்து. எனக்கும் ரொம்ப நாளா டவுட்டு லா."

திரையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். சித்தரின் கண் மூடியே இருந்தது.

"அடிச்சான் பாரு ஏஸ்!"

திரையில் ஒரு பெண் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"சித்தர் ரொம்ப தூரம் முன்னாடி பாக்குறாரு," என்று ரகுபதி பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார்.

"இப்ப சட்டையைக் கழட்டப் போறாரு!"

கூட்டம் பதறியது. பாதிப் பேர் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"துண்டை எடுத்துத் தாடியைத் துடைக்கிறாரு!"

ரகுபதிக்கே பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினார். "யாருக்குய்யா தாடி?"

சித்தர் திடுக்கிட்டுத் திரும்பினார். தலைப்பாகை சரிந்தது. காதிலிருந்து பட்டாணி அளவில் ஒரு கருவி உருண்டு விழுந்தது. வைதேகி அதை எடுத்து அப்பாவின் காதருகே பிடித்தாள். ஓர் ஆங்கிலக் குரல் மூச்சுவிடாமல் ஆண்கள் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தது.

"மெல்பர்ன் ரேடியோ நேரடியா வருது. நெட்ல வர்ற இந்த டிவி அரை நிமிஷம் லேட்டு. அவ்வளவுதான்ப்பா ஞானக்கண்ணு."

"அது... தெய்வ வாக்கு வர்ற வழிப்பா," என்று இழுத்த சித்தர், வேட்டி தடுக்கத் தடுக்க வெளியே ஓடினார். கூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வந்து பிடிக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போனது.

ரகுபதிக்கு அவமானத்தில் கண் கலங்கியது. நெக்லஸை மகள் கையில் வைத்தார். "கபிலன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. இந்த மாசமே கல்யாணம். இப்பவே போன் போடறேன்."

எண்ணைத் தேடிக்கொண்டிருந்தவர் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயோ, ராகு காலமா இருக்கே! அது முடிஞ்சதும் போன் போடவா?"

டிவி அரை நிமிடம் பிந்தி ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம். மண்டை எத்தனை தலைமுறை பிந்தி ஓடுவது, பெருமக்களே?