சிவப்பு மையும் எழுபது ஏக்கரும்

மனுவின் முதல் வரியைப் படித்ததுமே குமாஸ்தாவுக்கு வியர்த்துவிட்டது. எழுத்து அவர் மனைவியுடையது. 'ழ'வுக்கு அடியில் எலி வால் மாதிரி ஓர் இழுப்பு. இருபத்திரண்டு வருடமாக மளிகைச் சீட்டில் பார்த்துப் பழகிய இழுப்பு. கையெழுத்து மட்டும் அவளுடைய அண்ணன் போட்டது.

'எழுபது ஏக்கர் விளைநிலத்தில் சரக்குக் கிடங்கு கட்டும் திட்டத்துக்கு ஆட்சேபனை தெரிவிக்கிறேன்.'

அந்த எழுபதில் நாலு ஏக்கர் மச்சானுடையது. மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. ஆனால் ஆட்சேபனை மனுக்களைச் சரிபார்க்கும் மேஜை குமாஸ்தாவுடையதாயிற்றே! சரிபார்ப்பவர் வீட்டிலேயே மனு தயாராகிறது என்று வெளியே தெரிந்தால் வேலை என்னாவது?

போதாக்குறைக்குக் காலையில்தான் அதிகாரி மேடம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மேலிடத்துல அவசரப்படுத்துறாங்க. நூறு மனு சேர்ந்தாத்தான் விசாரணைக் கூட்டம். சேரலைன்னா நான் அனுமதி குடுத்தே ஆகணும். நீங்க வழக்கம்போல கறாரா பாருங்க."

கறார் என்றால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'சிவப்பு மை'. தன் கல்யாணப் பத்திரிகையையே மூன்று தடவை பிழை திருத்தி அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர்.

பேனாவைத் திறந்தார். 'சர்வே எண் குறிப்பிடவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.'

"இதைத் தபால்ல சேர்த்துடுப்பா" என்று பியூனிடம் நீட்டினார். தலைவலி விட்டது.

அன்று மாலை பூண்டு உரித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "ஏங்க, சர்வே நம்பர்னு சொல்றாங்களே, அது எதுல இருக்கும்?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். நாலு விஷயம் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல அவர் நாக்கு வளையாது. எந்தப் பத்திரத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் என்பதுவரை சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் மனு திரும்பி வந்தது. எழுபது ஏக்கருக்கும் சர்வே எண் இருந்தது. எண் கேட்டுப் போன இடமெல்லாம் நிலத்துக்காரர்களும் விஷயம் தெரிந்து சேர்ந்துகொண்டதில், கீழே பதினோரு கையெழுத்து.

அவர் அசரவில்லை. 'கூட்டு மனு செல்லாது. ஒருவருக்கு ஒரு மனு.'

பதினோரு மனு வந்தது.

'நிலத்துக்காரர்கள் தவிரப் பாதிக்கப்படுவோர் யார் என்ற விவரம் இல்லை.'

இருந்தார்கள். களையெடுப்பவர்கள், கிணறு தூர்வாருபவர், டிராக்டர்காரர், பால்காரர், உரக்கடைக்காரர், மூட்டை தூக்குபவர்கள். ஒருவருக்கு ஒரு மனு என்று அவரே எழுதியிருந்ததால் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தேனீ வளர்ப்பவர், 'பாதிக்கப்படுவோர்: தேனீக்கள், சுமார் இரண்டு லட்சம்' என்று எழுதியிருந்தார். குமாஸ்தா அதையும் விடவில்லை. 'சுமார் என்பது ஏற்கப்படாது' என்று எழுதித் திருப்பினார்.

எண்ணிப் பார்த்தார். எழுபத்து மூன்று! இன்னும் இருபத்தேழு வந்தால் கூட்டம். கூட்டம் வந்தால் மச்சான் பேசுவார். மச்சான் பேசினால் குட்டு உடையும். ஒரேயடியாக முடித்துவிடத் தீர்மானித்து, 'ஒவ்வொரு மனுவுக்கும் ஐந்து நகல் தேவை' என்று போட்டார்.

அதுதான் வினையாகிவிட்டது. அந்த வட்டாரத்தில் இருந்தது ஒரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் எடுத்து முடித்தபோது திட்டம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. முதல் காரியமாகத் தானும் ஒரு மனு எழுதினார். அதன்பின் கடைக்கு வந்த யாரையும் மனு எழுதாமல் படியிறங்க விடவில்லை.

"மொத்தம் எவ்வளவு?" என்று மேடம் கேட்டார்.

"நானூத்திப் பன்னண்டு, மேடம்." பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "நான் கறாராத்தான் பார்த்தேன்."

மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "தெரியுது," என்றார் கைக்குள்ளிருந்தே. "கூட்டத்துக்கு நாள் குறிங்க."

கூட்டத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. கிடங்குக் கம்பெனியின் வக்கீல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "இந்த மனுவெல்லாம் அவசரத்துல கிறுக்கினது. ஒண்ணுகூட முறைப்படி இல்லை. தள்ளுபடி செய்யணும்."

குமாஸ்தாவின் காது மடல் சிவந்தது. வேலை, மச்சான், குட்டு எல்லாம் மறந்துபோயிற்று.

"என்ன சொன்னீங்க?" எழுந்தேவிட்டார். "முறைப்படி இல்லையா? சர்வே எண் இருக்கு. பாதிப்பு இருக்கு. அஞ்சு நகல் இருக்கு. என் மேஜையைத் தாண்டி வந்த காகிதத்துல ஒரு புள்ளி குறைஞ்சிருந்தாலும் எடுத்துக் காட்டுங்க, பார்ப்போம்!"

வக்கீல் கட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். முகம் மலர்ந்து ஒன்றை உருவினார். "தேனீக்கள்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, இதென்ன கணக்கு?"

"ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்து நானூறு. கூடு கூடா எண்ண வெச்சு வாங்கியிருக்கேன். சந்தேகம்னா நீங்க போய் எண்ணிட்டு வாங்க."

மண்டபம் அதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. கம்பெனியின் விண்ணப்பத்தை எடுத்து, சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். இரண்டே நிமிடம்.

"இதுல போட்டிருக்கற சர்வே எண் தப்பு. இந்த எண்படி பார்த்தா, நீங்க கிடங்கு கட்டப்போறது எங்க ஆபீஸ் மேலதான்!"

திட்டம் நிராகரிக்கப்பட்டது. மச்சான் ஓடிவந்து அவரை அப்படியே தூக்கிவிட்டார். மூன்றாவது வரிசையில் மனைவி அழுகையும் சிரிப்புமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அந்தரத்தில் தொங்கியபடியே அவர் அவளைப் பார்த்தார். வேலை போனாலும் போகட்டும் என்று முதல்தடவையாகத் தோன்றியது.

கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் திரும்பும்போது, மனசு தாங்காமல் பியூனிடம் குனிந்து சொன்னார். "யாருகிட்டயும் சொல்லிடாதப்பா. அந்த முதல் மனு என் பெண்டாட்டி எழுதினது. மேடத்துக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

பியூன் கட்டைத் தோள் மாற்றிக்கொண்டான். "எழுத வெச்சதே மேடம்தானே சார்? 'நூறு மனுவுக்கு நாம எங்க போறது, ஒண்ணே ஒண்ணை அவர் மேஜையில வெச்சுடு, மீதியை அவரே சேர்த்துடுவாரு'ன்னு மேடமும் உங்க வீட்டம்மாவும் என் கையிலதான் குடுத்தனுப்பினாங்க."