3,812 வேதாந்தங்கள்

மயிலாப்பூர்,
14-3-1998

அன்புள்ள அத்திம்பேருக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம், ஹம்சா அக்காவைத் தவிர. நாக்பூரில் வெயில் ஆரம்பித்திருக்கும், மோர் நிறையக் குடியுங்கள். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

"என் பெண்டாட்டியின் ஆராய்ச்சியை என்னடா பண்ணித் தொலைத்தாய்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றும் தொலைக்கவில்லை. அக்கா அடையாற்றங்கரையில் இரண்டு வருஷம் பிடித்த 3,812 கொசுக்களின் விவரம் எட்டு ஃப்ளாப்பியில் கிடந்தது. அதை அலசி வரைபடம் போட பைதானில் புரோகிராம் எழுதியது நான். ஒவ்வொரு கொசுவையும் ஆணா பெண்ணா, இறக்கை எத்தனை நீளம் என்ற விவரத்தோடு மடித்து, சுருக்கி, ஒரே ஃப்ளாப்பியில் அடைத்ததும் நான். (பழைய எட்டையும் அழித்து கேம்ஸ் ஏற்றிக்கொண்டேன், அது வேறு விஷயம்.) அடைத்த கொசு மறுபடி விரிய வேண்டுமானால், புரோகிராமில் ஒவ்வொரு கொசுவையும் வார்த்தெடுக்கிற அச்சுக்கு நான் வைத்த பெயர் மாறாமல் இருக்க வேண்டும். பெயர் மாறினால் ஃபைல் திறக்காது. அவ்வளவுதான் சயன்ஸ்.

அந்தப் பெயர் வேதாந்தம்.

கோபப்படாதீர்கள். அதை எழுதிய வாரம்தான் நீங்கள் தலைதீபாவளிக்கு வந்து, போட்ட மோதிரத்தைக்கூடப் பார்க்காமல், "என்ன ஊர்டா இது, ஒரே கொசு" என்று மூன்று நாள் புலம்பினீர்கள். வேற பேர் தோணலை. நான் ஆபீஸ் வேலையா பெங்களூர் போனப்போ அக்கா புரோகிராமைத் திறந்து பாத்திருக்கா. "கட்டின புருஷன் பேரையா வெப்பான், கட்டேல போறவன்"னு என்னை ஒரு வார்த்தை கேக்காம, வேதாந்தம்னு இருந்த இடத்துலெல்லாம் கொசுன்னு மாத்திட்டா. மறுநாள் ஃபைல் திறக்கலை. "வேதாந்தத்தைக் காணோம்"னே திரும்பத் திரும்ப வந்துண்டிருக்கு. அக்கா அழ, அம்மா ஓடி வந்து ஸ்கிரீனைப் படிச்சுட்டு, "ஐயோ, மாப்பிள்ளை!"ன்னு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினா. "நான் இங்கதானே இருக்கேன்"னு நீங்க சொன்னப்புறம்தான் உக்காந்தாளாம்.

திங்கள்கிழமை அவளோட கைடு செண்பகம் மேடம் முன்னால வரைபடம் காட்டணும். இல்லேன்னா தீஸிஸ் ஆறு மாசம் தள்ளும், அவ உங்காத்துக்கு வர்றதும் தள்ளும். அதனால நேத்து வந்ததும் பழைய பேரையே வெச்சேன். நாலே நிமிஷம், அத்தனை வேதாந்தமும் பறந்து வந்தாச்சு. அக்கா இன்னும் என்னோட பேசலை. உங்கள் பெயர் இந்தக் கம்ப்யூட்டரைத் தாண்டாது, அதற்கு நான் கியாரண்டி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவைத் திட்டாதீர்கள், முடிந்தால் என்னையும்.

உங்கள் மைத்துனன்,
ஸ்ரீகிருஷ்ணா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் திங்கள்கிழமை வந்துவிட்டது. மேடம் சரி என்றுவிட்டார். வரைபடத்துக்குப் புரோகிராம் தானே தலைப்புப் போட்டுவிடும் என்பதை நான்தான் மறந்துவிட்டேன்: 'பெண் வேதாந்தம், அடையாறு, மழைக்காலப் பெருக்கம்.' யார் இது என்று மேடம் கேட்டாராம். "எங்காத்துக்காரர் மேடம், அவர் ஞாபகமா" என்றாளாம் அக்கா. மேடம் உருகிப்போய், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஐந்து பிரதி பைண்டிங்குக்குப் போயாச்சு, ஒன்று யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு. வெள்ளிக்கிழமை ரயிலில் அக்கா வருகிறாள். உங்களுக்கும் ஒரு பிரதி, கையெழுத்துப் போட்டு.